டிரம் பம்பு வாங்கப் போறீங்களா? மோட்டார் மேல ஒட்டின ஸ்டிக்கரை நம்பாதீங்க

கொதிப்புல எழுதுறேன், முன்ன பின்ன இருந்தா பொறுத்துக்கோங்க.

தொழிற்சாலைச் சாமான் விக்கிற ஒரு இணையச் சந்தை. 200 லிட்டர் டிரம்ல இருந்து டொலுவீனும் அசிட்டோனும் (ரெண்டும் சட்டுனு தீப்பிடிக்கிற கரைப்பான், அதாவது சால்வென்ட்) எடுக்க ரெண்டு மின்சார பம்பு எடுத்தோம். ரெண்டுக்கும் முழுப் பணம், முன்கூட்டியே.

விக்கிற ஆள் போன்ல விலையே பேசல. "என்ன சால்வென்ட் சார்? நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர்? டிரம் எங்க நிக்குது?"ன்னு வரிசையா கேட்டார். டொலுவீனுக்கு ஃபிளாஷ் பாயிண்ட் (பொறி பட்டா பத்திக்கிற அளவுக்கு ஆவி கிளம்புற வெப்பநிலை) வெறும் 4 டிகிரின்னு நான் வாயைத் திறக்கும் முன்னாடி அவரே சொன்னார். விஷயம் தெரிஞ்சவர்னு தோணாதா? "ஃபிளேம்ப்ரூஃப் மோட்டார், சர்ட்டிபிகேட்டோட வரும்"னார், அதாவது உள்ளே பொறி வந்தாலும் வெளியில இருக்கிற ஆவியைப் பத்த வைக்காத மோட்டார். அன்னைக்கே பணம் போச்சு.

வந்தது சாதா பாலிப்ரொப்பிலீன் குழாய். டொலுவீன் ஓடுற ஓட்டத்துலயே நிலைமின்சாரம் சேரும். இந்த பிளாஸ்டிக்ல அது இறங்க வழியே இல்ல. எர்த் கம்பி மாட்ட ஒரு திருகுகூடக் கிடையாது. மோட்டார்ல 'எக்ஸ்' (Ex, வெடிக்கிற ஆவி இருக்கிற இடத்துக்கு ஏத்ததுங்கிற குறி) ஸ்டிக்கர் மட்டும், சான்றிதழ் எண் இல்ல. வெட்டவெளியில தண்ணியில ஓட்டிப் பார்த்தோம். காத்துத் துளை வழியா கார்பன் பிரஷ் பொறி பறக்குது! இதை டிரம் வாய்க்கு மேல வைக்கணுமாம்.

கேட்டா, "எல்லாரும் இதைத்தான் வாங்குறாங்க". சர்ட்டிபிகேட் அனுப்பினார், வேற மாடலோடது. "அதே சீரிஸ்தான் சார்". கடைசியா, "தண்ணியில ஓட்டிட்டீங்க, யூஸ் பண்ணதுக்கு ரிட்டர்ன் இல்ல". பம்பை ஓட்டிப் பார்க்காம பூஜையா பண்ணுவாங்க? சந்தைக்காரங்க பதில்: "விற்பனையாளரிடம் பேசித் தீர்த்துக்கொள்ளவும்". ரெண்டு பம்போட முழுப் பணம்! ஒரு பைசா திரும்பல.

எப்படித் தேர்ந்தெடுக்கிறதுன்னு விரிவா எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போ பொறுமை இல்ல. பணம் போடும் முன்னாடி மோட்டார்ல இருக்கிற பெயர்ப்பலகையோட போட்டோ வாங்கி, மாடலும் சான்றிதழ் எண்ணும் ஒத்துப் போகுதான்னு பாருங்க. மோட்டாருக்கு மட்டும் சான்றிதழ் பத்தாது, டிரம்முக்குள்ள இறங்குற குழாய்க்கும் வேணும். உள்ளேதான் ஆவி எப்பவும் நிக்குது. குழாய் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். டிரம், பம்பு, பிடிக்கிற பாத்திரம் மூணையும் கம்பியால இணைச்சு எர்த் பண்ணுங்க. பம்போட கசிவு தடுக்கிற சீல், 'விட்டான்' (Viton) ரப்பர்ல இருந்தா டொலுவீனைத் தாங்கும், அசிட்டோன்ல உப்பிடும். ரெண்டும் எடுக்கிறவங்க டெஃப்லான் சீல் கேளுங்க. பம்பு இல்லையேன்னு டிரம்முக்குள்ள கம்ப்ரெசர் காத்து மட்டும் விட்டுடாதீங்க.