கேமன் தீவில் விழா நாளன்று ஸ்கூபா: முன்பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

கரீபியன் கடலில் உள்ள கிராண்ட் கேமன் தீவில் நவம்பரில் நடக்கும் பைரேட்ஸ் வீக் (கடற்கொள்ளையர் வாரம்) விழாவோடு சேர்த்து ஸ்கூபா டைவிங்கும் போகலாம் என்று திட்டமிடுபவர்களுக்காக இதை எழுதுகிறேன். அந்தத் தீவின் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. கடல் அவ்வளவு தெளிவு. குறை முழுவதும் எங்களைக் கூட்டிப்போன நிறுவனத்தின் மீதுதான். பெயரைச் சொல்லப்போவதில்லை. அவர்கள் நடந்துகொண்ட விதத்தைச் சொல்கிறேன், எங்கே பார்த்தாலும் அடையாளம் கண்டுகொள்வீர்கள்.

நாங்கள் எட்டுப் பேர் போனோம். ஆறு பேர் சான்றிதழ் பெற்றவர்கள். என் தம்பிக்கும் அவன் மனைவிக்கும் அதுதான் முதல் தடவை. ஆளுக்கு 170 டாலர், இரண்டு முறை கடலுக்குள் இறங்கலாம், கருவிகள் எல்லாம் அதில் அடக்கம் என்று தொலைபேசியில் சொன்னார்கள். முதலில் கிட்டிவேக் கப்பலுக்கு அழைத்துப்போவதாகப் பேச்சு. அமெரிக்கக் கடற்படையில் நீர்மூழ்கி மீட்புப் பணியில் இருந்த கப்பல் அது. 2011 ஜனவரியில் செவன் மைல் கடற்கரைக்கு அப்பால் வேண்டுமென்றே மூழ்கடித்தார்கள். அதைப் பார்க்கத்தான் இவர்களிடம் போனோம். புதியவர்கள் இருவருக்கும் தனிப் பயிற்றுநர், ஆழம் குறைந்த இடம் என்றும் வாக்குக் கொடுத்தார்கள். எழுத்தில் எதையும் வாங்கிக்கொள்ளவில்லை. அது எங்கள் தவறு.

முதல் அடி பணத்தில் விழுந்தது. தீவின் நாணயம் கேமன் டாலர். ஒரு கேமன் டாலர் 1.20 அமெரிக்க டாலர் என்பது நிலையான மதிப்பு. கடைகளில் பெரும்பாலும் 1.25 என்று கணக்கிடுகிறார்கள். நாங்கள் 170 என்றால் அமெரிக்க டாலர் என்று நினைத்தோம், பேசியவரும் திருத்தவில்லை. ரசீது கேமன் டாலரில் வந்தது: ஆளுக்கு 212.50 அமெரிக்க டாலர், எட்டுப் பேருக்குமாக 340 டாலர் கூடுதல். "இது எங்கள் நாட்டுப் பணம், வேறு எதில் சொல்வோம்?" என்று கேட்டார் கல்லாவில் இருந்தவர். கேள்வியில் நியாயம் இருப்பதால்தான் அந்த உத்தி பலிக்கிறது.

அடுத்தது உடல்நலப் படிவம். எங்களில் ஒருவருக்கு ஆஸ்துமா உண்டு. அந்தக் கேள்விக்கு அவர் "ஆம்" என்று குறித்திருந்தார். வாங்கிப் பார்த்த பெண், புதிய படிவம் ஒன்றைக் கொடுத்து, "எல்லாவற்றுக்கும் இல்லை என்று போடுங்கள், படகு கிளம்பப்போகிறது" என்றார். ஆஸ்துமாவால் நுரையீரலில் காற்று சிக்கிக்கொள்ளலாம், மேலே வரும்போது அது விரிந்து நுரையீரலையே கிழிக்கலாம் என்று ஸ்கூபா வகுப்பின் முதல் நாளிலேயே சொல்லித்தருகிறார்கள். நண்பர் கடலில் இறங்கவில்லை, படகிலேயே உட்கார்ந்திருந்தார். அவர் பணமும் திரும்பி வரவில்லை.

படகில் எங்களோடு இன்னும் பத்துப் பேர். வழிகாட்டி ஒரே ஒருவர். அவர் கறுப்புத் தொப்பியும் பிளாஸ்டிக் வாளுமாக நின்று, இறங்குமுன் சொல்ல வேண்டிய குறிப்புகளைக் கொள்ளையர் தலைவனின் மிரட்டலாக நடித்துக் காட்டினார். நன்றாகவே நடித்தார், வயிறு வலிக்கச் சிரித்தோம். எத்தனை மீட்டருக்குக் கீழே போகக்கூடாது, காற்று எவ்வளவு மிச்சம் இருக்கும்போது திரும்ப வேண்டும், கூட்டத்தை விட்டுப் பிரிந்தால் என்ன செய்வது, திரும்பும் விமானம் எப்போது (முழுகிய உடனே பறப்பது ஆபத்து), இவற்றில் ஒன்றுகூட அந்த நடிப்பில் இல்லை. சிரிப்பு அடங்குவதற்குள் கிட்டிவேக்கில் படகு கட்டும் மிதவைகள் நிரம்பிவிட்டன, துறைமுகத்துக்குப் பக்கத்தில் வேறொரு பவளப்பாறைக்குப் போகிறோம் என்று அறிவித்தார்கள்.

கடலுக்குள் இருவர் இருவராக ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வது வழக்கம். கீழே பதினைந்து மீட்டரில் என் இணையான தோழி மூச்சு இழுக்க முடியாமல் தொண்டையைத் தொட்டுக் காட்டினார். அவருடைய அழுத்தமானியைப் பார்த்தேன். ஒவ்வொரு மூச்சுக்கும் முள் சரிந்து சரிந்து எழுந்தது. சிலிண்டரில் காற்று இருந்தது. வால்வைத்தான் அரைகுறையாகத் திறந்துவிட்டிருக்கிறார்கள். மேலே இருக்கும்போது அந்தச் சிறு திறப்பே போதும். பதினைந்து மீட்டரில் அழுத்தம் இரண்டரை மடங்கு, ஒரு மூச்சுக்கு அத்தனை மடங்கு காற்று வேண்டும், அது வராது. பின்னால் போய் வால்வை முழுதும் திறந்துவிட்டேன், சரியாகிவிட்டது. படகில் அழுத்தமானியைப் பார்த்தபடி நாலு மூச்சு இழுத்துப் பார்க்கச் சொல்லியிருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும். இணையாக நானும் அதைச் செய்யவில்லை. கொள்ளையர் தலைவனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பிப் பார்த்தால் தம்பியும் அவன் மனைவியும் எங்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். ஆழத்தையும் நேரத்தையும் பதியும் என் கைக்கணினி 17 மீட்டர் காட்டியது. சான்றிதழ் இல்லாதவர்களின் அறிமுக முழுக்குக்கு வழக்கமான எல்லை 12 மீட்டர். தனிப் பயிற்றுநர் என்று எவரும் வரவேயில்லை. அவளுக்குக் காதுவலி அடுத்த மூன்று நாளும் இருந்தது.

இரண்டாவது முழுக்கு 22 நிமிடம். பாதிக்கு மேல் காற்று இருக்கும்போதே வழிகாட்டி கட்டை விரலை உயர்த்தி எல்லாரையும் மேலே அனுப்பினார். காரணம் பிறகு தெரிந்தது. அன்று பிற்பகல் ஜார்ஜ் டவுன் துறைமுகத்தில் வேடமிட்ட கொள்ளையர்கள் கப்பலில் வந்து ஆளுநரைச் சிறைபிடிக்கும் காட்சி. அதைக் கடலிலிருந்து பார்க்க இதே படகுக்கு வேறு ஆட்களிடம் டிக்கெட் விற்றிருக்கிறார்கள்.

உடலில் சேர்ந்த நைட்ரஜன் மெல்ல வெளியேறுவதற்காக நானும் தோழியும் மட்டும் ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நின்றோம், அப்படித்தான் பழகியிருக்கிறோம். மேலே வந்தபோது மிதவையிலிருந்து கயிற்றை அவிழ்த்திருந்தார்கள், இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. தலை எண்ணவே இல்லையாம். "என் அண்ணன் இன்னும் ஏறவில்லை" என்று தம்பி கத்தியிருக்கிறான். "எல்லாரும் ஏறிவிட்டார்கள்" என்று படகோட்டி சொல்ல, இவன் போய்ச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டானாம். வாழ்நாளில் ஒருவரிடமும் குரல் உயர்த்தாதவன் அவன். நாங்கள் ஏறியதும், "கொள்ளையர் விழாவில் கொள்ளை போவது சகஜம்தானே" என்று ஒருவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கரைக்கு வந்து பணம் கேட்டோம். வானிலை கெட்டால் மட்டுமே பணம் திரும்பக் கிடைக்கும் என்று படிவத்தின் பின்பக்கம் இருந்த வரியைக் காட்டினார்கள். கணினியில் பதிவான 22 நிமிடமும் 17 மீட்டரும் எங்களிடம் இருக்கின்றன. வங்கியிடம் முறையிட்டோம். கேமன் டாலரில் கையெழுத்திட்ட ரசீது இருப்பதால் அந்தக் கூடுதல் 340 டாலர் போனது போனதுதான் என்றார்கள். கிட்டிவேக்குக்குப் போகாததற்கான முறையீடு மட்டும் நிலுவையில் இருக்கிறது.

இனி எங்கே போனாலும் முன்பணம் கட்டும் முன் நான் கேட்கப்போவது: எந்த நாணயம், எந்த இடம், ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர், அதே படகுக்கு அன்று வேறு வேலை இருக்கிறதா. பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்வேன். அந்தக் கடைசிக் கேள்விக்குத் தயங்கினால் வேறு நிறுவனத்தைப் பார்ப்பேன்.

போன வாரம் அவர்களிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. அடுத்த விழாவுக்கு முன்பதிவு செய்தால் ஆளுக்கு இருபது டாலர் தள்ளுபடியாம். எந்த டாலர் என்று அதில் இல்லை.