வெளியே ஒன்று, வீட்டில் ஒன்று
பயணத்துக்கு, கிண்ணத்தின் பின்பக்கம் அடைத்திருக்கும் மூடிய வகை ஹெட்ஃபோன்தான் சரி. வெளிச்சத்தம் குறையும், நம் பாட்டும் பக்கத்து இருக்கைக்குக் கேட்காது. மின்தடை பெரும்பாலும் 16 முதல் 32 ஓம்தான், அதை இயக்கக் கைபேசியே போதும். பேஸ், அதாவது தாழ்ந்த கனமான ஒலி, கொஞ்சம் தூக்கலாக இருக்கும். ஓடும் வண்டியின் இரைச்சலில் முதலில் அமுங்குவது பேஸ்தான் என்பதால் அதை நான் குறையாகச் சொல்ல மாட்டேன்.

வீட்டில் கேட்கும் நல்ல ஹெட்ஃபோன்கள் பலவும் திறந்த வகை. கிண்ணத்தின் பின்பக்கம் வலைதான். காற்று தாராளமாகப் போய்வரும். அதனால் ஒலி காதுக்குள் முட்டாமல் சுற்றிலும் விரிகிறது. வயலின் எங்கே, டிரம்ஸ் எங்கே என்று விரல் நீட்டிக் காட்டலாம். சென்ஹைசர் எச்டி 600 மாதிரி 300 ஓம் உள்ளவற்றுக்குக் கைபேசியின் பலம் போதாது, ஒலியைப் பெருக்கித் தரும் ஆம்ப் வேண்டும். அப்புறம், பக்கத்தில் யாராவது தூங்கினால் போச்சு! இருந்தாலும், உட்கார்ந்து இசை மட்டும் கேட்பவருக்கு என் ஓட்டு இதற்குத்தான்.