ஒருநாள் டூரில் எங்கள் ஊருக்கு 45 நிமிடம்

சொந்த ஊரைச் சுற்றிப் பார்ப்பதற்காக 22 கிலோமீட்டர் வடக்கே போய் வண்டி ஏறியவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் விடிகாலை பஸ் பிடித்துப் புதுச்சேரி போய், அங்கே டெம்போ டிராவலரில் உட்கார்ந்து, மத்தியானம் மறுபடி கடலூருக்கே வந்து இறங்கினேன். எல்லாம் அண்ணனுக்காக. கோயம்புத்தூரிலிருந்து அண்ணனும் அண்ணியும் ஆனி மாதம் வந்திருந்தார்கள். "முட்டி வலியை வச்சிக்கிட்டு பஸ் மாறி மாறி ஏற முடியாது, ஒரே வண்டியா பாரு" என்றார். பார்த்தேன்.

'கடலோர வரலாற்று நகரங்கள், ஒருநாள் சுற்றுலா' என்று நோட்டீஸ். புதுச்சேரி, கடலூர், பிச்சாவரம். தலைக்கு 1,400 ரூபாய். காலை டிபன், மத்தியானச் சாப்பாடு, வழிகாட்டி, நுழைவுக் கட்டணம், படகுச் சவாரி எல்லாம் சேர்த்து. கடலூருக்கு நேரே 'செயின்ட் டேவிட் கோட்டை, வெள்ளிக் கடற்கரை' என்று போட்டிருந்ததைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. நம் ஊரையும் மதித்து ஒருவர் டூரில் சேர்த்திருக்கிறாரே என்று. நடத்துகிறவர் பெயரை இங்கே எழுதவில்லை. இதே நோட்டீசை நிறம் மட்டும் மாற்றி அடித்து இன்னும் சிலர் வண்டி ஓட்டுகிறார்கள், என் அனுபவம் எல்லாருக்கும் பொருந்தும் என்றே நினைக்கிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். ஆறே முக்காலுக்கு வருவதாகச் சொன்ன வண்டி ஆறு நாற்பதுக்கே வந்து நின்றது. சீட்டு சுத்தம், ஏசி வேலை செய்தது. ஓட்டுநர் தம்பி அண்ணனின் முட்டியைப் பார்த்துவிட்டு, படிக்கட்டுக்குக் கீழே போட ஒரு சின்ன மர ஸ்டூலை எடுத்து வந்தார். நாள் முழுக்க எங்கே நிறுத்தினாலும் முதலில் ஸ்டூல் இறங்கும், அப்புறம்தான் அண்ணன் இறங்குவார். வண்டியில் எங்களைத் தவிர சேலத்திலிருந்து ஒரு குடும்பம், மதுரையிலிருந்து இரண்டு கல்லூரிப் பெண்கள்.

காலை ஏழரை வரை புதுச்சேரி கடற்கரைச் சாலையில் வண்டி விடமாட்டார்கள் என்பதால் நடந்தே பார்த்தோம். அது நல்லதாகவே போயிற்று. வழிகாட்டிப் பையனுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். இடுப்பு பெல்ட்டில் ஒரு குட்டி ஸ்பீக்கர், அது அரை மணி நேரத்தில் சார்ஜ் இறங்கி உயிரை விட்டது. காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் எட்டுக் கருங்கல் தூண்கள் செஞ்சியிலிருந்து வந்தவை என்றான். சரி. 1836-இல் விளக்கேற்றிய பழைய கலங்கரை விளக்கத்தைக் காட்டினான். சரி. தலைமைச் செயலகத்துக்கு எதிரே மணலில் குழந்தைகள் விளையாடிக்கொண்டிருந்ததைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. என் கல்யாணம் முடிந்து முதல் தடவை இங்கே வந்தபோது அந்த இடத்தில் கைப்பிடி மணல் கிடையாது, வெறும் கருங்கல் குவியல்தான். தெற்கே துறைமுகத்துக்குக் கல் கொட்டிக் கடலுக்குள் சுவர் நீட்டியதில், தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்து வரும் மணல் அங்கேயே தேங்கிவிட்டது. இந்தப் பக்கம் கரை அரித்தது. சில வருஷத்துக்கு முன்னால் கடலுக்கடியில் ஒரு தடுப்பு இறக்கின பிறகுதான் மணல் திரும்பியது. என்னைக் கேட்டால், சிலைகளைவிட அதுதான் அந்தச் சாலையில் பார்க்க வேண்டிய அதிசயம்.

பாரதி பூங்காவில் ஆயி மண்டபத்தின் கதையைப் பையன் நன்றாகச் சொன்னான். விளக்கு எரிந்த ஆயியின் வீட்டைக் கோயில் என்று நினைத்துக் கும்பிட்ட ராஜா, அது தாசி வீடு என்று தெரிந்ததும் இடிக்கச் சொன்னது, அவளே அதை இடித்துவிட்டு அங்கே குளம் வெட்டியது, பல காலம் கழித்து மூன்றாம் நெப்போலியன் நாளில் முத்திரையர்பாளையத்திலிருந்து ஊருக்குத் தண்ணீர் கொண்டு வந்தபோது அவள் பெயரில் மண்டபம் எழுந்தது. கடைசியில் ஒரு நிமிடம் பேசாமல் நின்றான். அண்ணி மண்டபத்தைப் பார்த்துக் கைகூப்பியே விட்டார்.

ஆனால் வெள்ளைக்காரத் தெருக்களில் மஞ்சள் சுவர்களைக் காட்டி "எல்லாமே முந்நூறு வருஷத்துக் கட்டடம்" என்று ஒரே போடாகப் போட்டபோது எனக்கு நாக்கு துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டேன். ஈஸ்வரன் தர்மராஜா கோயில் தெருவில் பாரதியார் வீட்டை வெளியே நின்று பார்த்தோம். "1908-ல வந்தார், பத்து வருஷம் இருந்தார், 1918-ல கிளம்பிட்டார்" என்றான். எங்கே கிளம்பினார் என்று மதுரைப் பெண்களில் ஒருத்தி கேட்டாள். "சென்னைக்கு" என்றான். அப்போதும் அடக்கிக்கொண்டேன்.

அருங்காட்சியகத்தில்தான் முதல் கோபம். நாங்கள் போனது திங்கட்கிழமை. திங்கட்கிழமை அதற்கு விடுமுறை என்பது புதுச்சேரியில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும், இந்த டூரை விற்றவருக்குத் தெரியாதா? அரிக்கமேட்டில் தோண்டி எடுத்த ரோமானிய மது ஜாடிகளின் துண்டுகளும் பாசி மணிகளும் உள்ளே, நாங்கள் வெளியே. "இன்னிக்கு லீவு போல" என்றான் பையன், அன்றுதான் கண்டுபிடித்தவன் மாதிரி. அந்த நேரத்தை ஈடுகட்ட எங்களை ஒரு கடைக்குக் கூட்டிப் போனார்கள். மெழுகுவத்தி, ஊதுவத்தி, தோல் பை. ஒரு மணி நேரம்! எதற்கு அங்கே நிறுத்துகிறார்கள் என்று சொல்லத் தேவையில்லை. சேலத்து அம்மா 900 ரூபாய்க்கு வாங்கினார். பிரெஞ்சுக்காரர் காலத்தில் நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை பெரிய மார்க்கெட் பக்கம் இருக்கிறது, அதற்குப் போக நேரமில்லையாம்.

கடலூர் சாலையில் அரியாங்குப்பம் ஆற்றுப் பாலத்தை வண்டி தாண்டும்போது பையன் தூங்கிக்கொண்டிருந்தான். 1945-இல் தொல்லியல் அறிஞர் மார்டிமர் வீலர் வந்து தோண்டிய அரிக்கமேடு இந்த ஆற்றங்கரையில்தான் இருக்கிறது. ரோமாபுரியோடு வியாபாரம் செய்த ஊரை ஏசி காற்றில் தாண்டிப் போனோம்.

கடலூர். மத்தியானம் பன்னிரண்டே முக்கால். ஒரு ஓட்டல் வாசலில் நிறுத்தி "45 நிமிஷம், லஞ்ச்" என்றார்கள். சாப்பாடு டூரில் அடக்கம், மீன் மட்டும் தனிக் காசு. துறைமுகத்தில் தினம் மீன் இறங்கும் ஊரில், அப்பளம் கனத்துக்கு ஒரு வஞ்சிரத் துண்டு வைத்து 180 ரூபாய் வாங்கினார்கள். குழம்பில் புளி மட்டும் தெரிந்தது. சாப்பிட்டு முடித்து எல்லாரும் பாத்ரூம் போய் வந்ததும், வண்டி சிதம்பரம் ரோட்டைப் பார்த்துத் திரும்பி நின்றது.

"கோட்டை?" என்றேன்.

"அங்க பார்க்க ஒண்ணும் இல்ல மேடம், வெறும் செங்கல்தான். அதனால ஓனர் எடுத்துட்டாரு" என்றான் பையன். நோட்டீசிலிருந்து எடுக்கவில்லையே!

அண்ணி என்னைத் திரும்பிப் பார்த்து, "ஏன்மா, உங்க ஊர்ல பார்க்க நிஜமாவே ஒண்ணும் இல்லையா?" என்றார். அவர் கிண்டலாகக்கூடக் கேட்கவில்லை, அதுதான் உறைத்தது. ஓட்டுநர் தம்பி கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்திருப்பார் போல. "அக்கா, நீங்க வழி சொல்லுங்க, ஒரு எட்டு போயிட்டு வந்துடலாம்" என்றார். சேலத்துக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். மதுரைப் பெண்கள் "போலாம் போலாம்" என்றார்கள்.

தேவனாம்பட்டினத்தில் கெடிலம் கடலில் சேரும் பக்கம் போனோம். பையன் சொன்னது பொய்யில்லை. கோட்டை என்று மிஞ்சியிருப்பது இடிந்த செங்கல் சுவர்களும் முட்செடியும்தான். ஆனால் ஏன் வெறும் செங்கல் ஆயிற்று என்பதுதானே கதை.

நான் சார்பதிவாளர் அலுவலகத்தில் 31 வருஷம் வேலை பார்த்தவள். பத்திரங்களில் 'குண்டு உப்பலவாடி கிராமம்' என்று வாரத்தில் நாலு தடவையாவது படித்திருப்பேன். முதல் சில வருஷம், யாரோ குண்டாக இருந்த பண்ணையார் ஊர் என்றே நினைத்திருந்தேன். அது பீரங்கிக் குண்டு என்று பிறகு ஒரு பெரியவர் சொல்லித்தான் தெரிந்தது. 1690-இல் ஆங்கிலேயக் கம்பெனி இந்தக் கோட்டையைச் செஞ்சியிலிருந்த மராட்டியரிடம் விலைக்கு வாங்கியபோது, கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு போய் விழுகிற தூரம் வரை நிலம் கம்பெனிக்கு என்று பேச்சு. சென்னையிலிருந்து நல்ல பீரங்கியாகப் பார்த்துக் கொண்டு வந்து நாலா பக்கமும் சுட்டார்கள். குண்டு விழுந்த எல்லைக்குள் வந்தவை குண்டு கிராமங்கள். சங்கிலி இல்லை, அளவுகோல் இல்லை, எல்லைக் கல் இல்லை. என் சர்வீசில் எத்தனையோ கோளாறான பத்திரம் பார்த்திருக்கிறேன், இப்படி ஒன்றை எந்த சார்பதிவாளரும் பதிந்திருக்க மாட்டார். இதைச் சொன்னதும் சேலத்துக்காரர் கடிகாரத்தை மறந்துவிட்டார். அவர் ரியல் எஸ்டேட் பார்க்கிறவராம்.

மேலே சொல்லிக்கொண்டே போனேன். 1746-இல் சென்னை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனபோது, இந்தக் கரையில் ஆங்கிலேயருக்குத் தலைமையிடம் இந்தக் கோட்டைதான், 1752 வரை. ராபர்ட் கிளைவ் இங்கே கவர்னராக இருந்திருக்கிறார். 1758-இல் புதுச்சேரியிலிருந்து பிரெஞ்சுத் தளபதி லாலி படையோடு வந்து கோட்டையைப் பிடித்து இடித்துத் தள்ளினார். ஆங்கிலேயர் மறக்கவில்லை. 1761-இல் புதுச்சேரியைப் பிடித்து, ஊரையே தரைமட்டமாக்கினார்கள். தினமும் நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளை கண்ணை மூடியதும் அதே 1761 ஜனவரியில்தான்.

"அப்ப காலைல பார்த்த முந்நூறு வருஷ வீடெல்லாம்?" என்றாள் மதுரைப் பெண்.

"1765-ல பிரெஞ்சுக்காரங்க திரும்பி வந்து மறுபடி கட்ட ஆரம்பிச்ச ஊர்மா அது. பழசுல தப்பிச்சது ரொம்பக் கொஞ்சம். ஆனந்தரங்கப் பிள்ளை வீடு அதுல ஒண்ணு. அந்த நேரத்துலதான் நாம ஊதுவத்தி வாங்கிட்டு இருந்தோம்."

பாரதியார் கதையின் மறுபாதியும் எங்கள் ஊரில்தான் இருக்கிறது. புதுச்சேரியை விட்டுக் கிளம்பியவர் சென்னைக்கு உடனே போய்ச் சேரவில்லை. 1918 நவம்பர் 20 அன்று பிரிட்டிஷ் எல்லையில் கைதாகி, டிசம்பர் 14 வரை கடலூர்ச் சிறையில் இருந்தார். பையன் எல்லாவற்றையும் போனில் டைப் செய்துகொண்டிருந்தான். "அக்கா, அடுத்த ட்ரிப்ல இதைச் சொல்லிக்கட்டுமா?" என்றான். அவனுக்குப் பேச வருகிறது, ஆயி கதையில் பார்த்தோமே. முதலாளி கொடுத்த ஒன்றரைப் பக்கக் காகிதத்தை மனப்பாடம் செய்ததற்கு அவனைக் குறை சொல்லி என்ன பயன். அவனுக்கு அரை நாள் விடுப்பும் இரண்டு புத்தகமும் கொடுத்தாலே டூர் பாதி சரியாகிவிடும்.

பிச்சாவரத்துக்கு நேரம் கழித்துத்தான் போனோம். துடுப்புப் படகு கிடைக்கவில்லை, மோட்டார் படகுதான். அது சுரபுன்னை வேர்களுக்கு நடுவே போகும் குறுகலான வாய்க்கால்களுக்குள் நுழையாது, அகலமான தண்ணீரில் ஒரு சுற்றுதான். சேலத்து அம்மா என்னைப் பார்த்த பார்வையில் "உங்க கோட்டையாலதான்" என்று எழுதியிருந்தது. தேவனாம்பட்டினத்துக்குப் போய் வர ஆனது 40 நிமிடம். கடையில் போனது ஒரு மணி நேரம். படகுக்காரர் தில்லை மரத்தைக் காட்டி, கிளையை ஒடித்தால் வரும் பால் கண்ணுக்கு ஆகாது, தொடாதீர்கள் என்றார். சிதம்பரத்துக்குத் தில்லை என்று பேர் வந்தது இந்த மரத்தால்தான் என்றதும் அண்ணன் முட்டியை மறந்து எழுந்து நின்று பார்த்தார். படகு ஆடி, அண்ணி சத்தம் போட்டு, உட்கார்ந்துவிட்டார்.

திரும்பும் வழியில் எங்களைத் திருப்பாதிரிப்புலியூரிலேயே இறக்கிவிட்டார்கள். கடைசி தடவையாக ஸ்டூல் இறங்கியது. ஓட்டுநர் தம்பிக்கு அண்ணன் 200 ரூபாய் கொடுத்தார், அவர் வாங்கத் தயங்கி அப்புறம் வாங்கிக்கொண்டார். அவருக்கும் வண்டிக்கும் ஐந்துக்கு ஐந்து. டூருக்கு இரண்டு, அதிலும் ஒன்று ஆயி மண்டபத்துக்கு.

முட்டி வலி இல்லாதவர்களுக்கு என் யோசனை: திங்கட்கிழமை வேண்டாம். புதுச்சேரியைக் காலையில் நடந்தே பாருங்கள், மார்க்கெட் பக்கம் ஆனந்தரங்கப் பிள்ளை வீட்டை வெளியே நின்றாவது பாருங்கள். அப்புறம் கடலூர் பஸ் ஏறுங்கள், அடிக்கடி உண்டு. சாயங்காலம் வெயில் தாழ்ந்து தேவனாம்பட்டினம் போனால் செங்கலும் கடலும் சேர்ந்து பார்க்கலாம். பிச்சாவரத்துக்குத் தனி நாள் ஒதுக்குங்கள், காலையிலேயே போய்த் துடுப்புப் படகு கேளுங்கள்.

மறுநாள் டூர் அலுவலகத்துக்குப் போன் செய்து, நோட்டீசில் போட்டதைக் காட்டவில்லையே என்று கேட்டேன். கோட்டைக்கு டிக்கெட் கிடையாது, அதனால் அதில் திருப்பித் தர ஒன்றும் இல்லை என்றார் போனை எடுத்தவர். அருங்காட்சியகக் கட்டணத்தை வேண்டுமானால் அனுப்புகிறேன் என்றார். தலைக்குப் பத்து ரூபாய் கணக்கில், மூன்று பேருக்கு முப்பது ரூபாய் ஜீபேயில் வந்தது.