வண்ணார்பேட்டையில் ஒரு மூக்குத்தி

இந்த முறை ஊரில் எல்லா வேலையும் ஒழுங்காகவே முடிந்தது. வங்கி, பத்திர ஆபீஸ், ஆதார் முகவரி மாற்றம் என்று எதிலும் இழுபறி இல்லை. அதனால் அவற்றைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. எழுத இருப்பது அம்மாவின் மூக்குத்தியைப் பற்றி.

அம்மாவுக்கு இடுப்பு வலி. இடது கால் பின்பக்கம் கெண்டைக்கால் வரை சுண்டி இழுக்கிறது. கல்லிடைக்குறிச்சியிலிருந்து திருநெல்வேலி வண்ணார்பேட்டைக்கு வைத்தியத்துக்குப் போகிற முறை உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மதியமே போனில் டோக்கன், சாயங்காலம் பெஞ்ச், ராத்திரி சாப்பாட்டு நேரம் தாண்டி டாக்டர். அவர் அம்மாவைப் படுக்க வைத்துக் காலைத் தூக்கிப் பார்த்தார். வலிக்குதா என்று கேட்டார். "எம்ஆர்ஐ எடுத்துட்டு வாங்க" என்று சீட்டு எழுதினார். எந்த சென்டரில் எடுக்க வேண்டும் என்பது சீட்டிலேயே அச்சடித்திருந்தது. டாக்டர்கள் ஆள் அனுப்புவதற்குக் கமிஷன் வாங்கக் கூடாது என்று இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு நடத்தை விதிகள் சொல்கின்றன. இந்தச் சீட்டில் என்ன இருந்தது, என்ன இல்லை என்று நான் எதையும் சொல்லவில்லை. ஒன்று மட்டும்: சீட்டில் பெயர் இருந்தாலும் வேறு இடத்தில் எடுக்கலாம். ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையிலும் எம்ஆர்ஐ, சிடி உண்டு. அரசு மருத்துவமனைகளில் இந்த ஸ்கேன்களைத் தமிழ்நாடு மருத்துவ சேவைக் கழகம் நடத்துகிறது, கட்டணமும் வெளியில் கேட்பதைவிட நன்றாகவே குறைவு. அண்ணனிடம் சொன்னேன். "அங்க போயி நீ வரிசையில நிப்பியா?" என்றான். நிற்பேன் என்றேன். யாரும் நம்பவில்லை.

நான் இருப்பது இங்கிலாந்தில், நாட்டிங்காமில். எம்ஆர்ஐக்காக 2003இல் மருத்துவ நோபல் பரிசு பெற்ற இருவரில் ஒருவரான பீட்டர் மான்ஸ்ஃபீல்ட் வேலை பார்த்தது எங்கள் ஊர்ப் பல்கலைக்கழகத்தில்தான். ஆனால் அதே ஊரில் எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டபோது ஜிபி, அதாவது அங்கத்திய குடும்ப டாக்டர், ஸ்கேனுக்கே எழுதவில்லை. உடற்பயிற்சிப் படம் போட்ட தாளைக் கையில் கொடுத்து, ஆறு வாரம் கழித்து வா என்று அனுப்பிவிட்டார். எழுதியிருந்தாலும் காத்திருக்கத்தான் வேண்டும். பரிசோதனைகளை ஆறு வாரத்துக்குள் முடிக்க வேண்டும் என்று அங்கே ஒரு விதி இருக்கிறது, அதை அவர்கள் எட்டிப்பிடித்துப் பல வருஷம் ஆகிறது. இங்கே மறுநாள் காலையிலேயே வரச் சொல்லிவிட்டார்கள். அதை நினைத்து உள்ளுக்குள் பெருமையாகத்தான் போனேன். சென்டர் வாசலில் செருப்பைக் கழற்றுகிற வரைக்கும் அந்தப் பெருமை இருந்தது.

உள்ளே ஏசி, மார்பிள் தரை, சுவரில் முருகர் படம். கவுண்டரில் பணம் கட்டியதும் ஒரு படிவம் நீட்டினார்கள். முழுக்க ஆங்கிலம். அண்ணன் வாங்கி, அம்மாவுக்குப் பதில் தானே கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டான். நான் அதை மறுபடி வாங்கிப் படித்தேன். இதயத்தில் பேஸ்மேக்கர் இருக்கிறதா, மூளை ரத்தக் குழாயில் கிளிப் போட்டிருக்கிறதா, காதுக்குள் கருவி வைத்திருக்கிறார்களா, கண்ணில் இரும்புத் தூள் எப்போதாவது பட்டதா, உடம்பில் பிளேட், ஸ்க்ரூ உண்டா? அத்தனையும் உயிர் போகிற கேள்விகள். ஒன்றைக்கூட யாரும் அம்மாவிடம் வாய்விட்டுக் கேட்கவில்லை. அம்மாவுக்கு அரவிந்தில் கண்புரை எடுத்து லென்ஸ் வைத்திருக்கிறது. அது பிளாஸ்டிக் வகை, பயமில்லை. ஆனால் அதைச் சொன்னது நான், கேட்டது அவர்கள் இல்லை. இங்கிலாந்தில் இதே பட்டியலை வீட்டுக்கு அனுப்பி, போனில் கேட்டு, வாசலில் இன்னொரு தடவை கேட்டு, கடைசியில் நமக்கே நம் உடம்பின் மேல் சந்தேகம் வருகிற மாதிரி செய்வார்கள். அப்போது எரிச்சலாக இருந்தது. இங்கே வந்த பிறகு அப்படித் தோன்றவில்லை.

படிவத்தில் இல்லாத அக்கறை நகையில் இருந்தது. டெக்னீஷியன் தம்பி வந்தார். "மெட்டல் எல்லாம் கழத்திருங்க." வளையல், கம்மல், மெட்டி வரை எல்லாம் கழன்றது. தாலிக்கொடியில் வந்து நின்றது. அம்மா அப்பாவைப் பார்த்தார். அப்பா கூரையைப் பார்த்தார். அப்போதுதான் அங்கே வேலை பார்க்கும் அக்கா ஒருவர் ஒன்றும் பேசாமல் மேசை டிராயரைத் திறந்து, மஞ்சள் துண்டு கோத்த மஞ்சள் கயிறு ஒன்றை எடுத்து நீட்டினார். டிராயர் நிறைய அதேதான். "இத முதல்ல கட்டிக்கிடுங்கம்மா, அப்புறம் கொடிய கழத்தலாம். இங்க வார எல்லாரும் இப்படித்தான்." அம்மா முகம் தெளிந்தது. கொடியை அப்பா வேட்டி மடியில் முடிந்துகொண்டார். எத்தனை கோடி போட்டு மெஷின் வாங்கினார்களோ தெரியாது, அந்த டிராயர்தான் அங்கே எனக்குப் பிடித்த ஏற்பாடு.

மூக்குத்தி மட்டும் வரவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் போட்டது, திருகு வைத்தது. எண்ணெயும் மஞ்சளும் சேர்ந்து திருகு இறுகிப் போயிருந்தது. அந்த அக்கா சோப்புத் தண்ணீர் போட்டார், தேங்காய் எண்ணெய் விட்டார், நூல் கட்டித் திருகினார். மூக்கு சிவந்ததுதான் மிச்சம். தங்கம் காந்தத்தில் ஒட்டாதே, எடுப்பதும் இடுப்புப் படம்தானே என்று தம்பியிடம் கேட்டேன். "மேக்னட் சார்" என்றார். அவ்வளவுதான் விளக்கம்.

அவர் சொன்னது தப்பில்லை, சொல்லாமல் விட்டதுதான் தப்பு. வழக்கமான எம்ஆர்ஐ மெஷினில் இருக்கும் 1.5 டெஸ்லா காந்தம் பூமியின் காந்தப் புலத்தைவிடச் சுமார் 30 ஆயிரம் மடங்கு வலுவானது. ஸ்கேன் ஓடாதபோதும், ராத்திரி பூட்டிக் கிடக்கும்போதும் அது அணைவதில்லை. தங்கம் ஒட்டாது, சரி. பழைய திருகுக்குள் என்ன கலந்திருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? ஒட்டாத உலோகமும் ரேடியோ அலையில் சூடாகலாம், பக்கத்தில் இருந்தால் படத்தையும் கெடுக்கும். 2018 ஜனவரியில் மும்பை மருத்துவமனை ஒன்றில், நோயாளியோடு வந்த உறவினர் ஆக்சிஜன் சிலிண்டரோடு எம்ஆர்ஐ அறைக்குள் போய், சிலிண்டரோடு சேர்த்து இழுக்கப்பட்டு இறந்தே போனார். மெஷின் அணைந்திருக்கிறது என்று அங்கே இருந்தவர் சொன்னதாகச் செய்தி வந்தது. இதை இரண்டு வரியில் தமிழில் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தால் நாங்கள் முதல் நாள் ராத்திரியே கல்லிடைக்குறிச்சியில் ஆசாரி வீட்டுக்குப் போயிருப்போம். போனில் டைம் கொடுத்தபோது யாராவது "நகை இல்லாம வாங்க" என்றாவது சொல்லியிருக்கலாம்.

அப்புறம் என்ன, எங்கள் டைம் போய்விட்டது, அடுத்த ஆள் உள்ளே போனார். டவுனிலிருந்து ஆசாரி ஒருவரைக் கூட்டிவர அண்ணன் ஆட்டோ அனுப்பினான்.

காத்திருந்த நேரத்தில் பெஞ்ச் முழுக்க எங்கள் மூக்குத்தியில் இறங்கிவிட்டது. சுரண்டையிலிருந்து வந்திருந்த ஒரு அம்மா எலுமிச்சம்பழம் தேய்க்கச் சொன்னார். இன்னொருவர் வெட்டி எடுத்துவிட்டுப் புதுசு வாங்கிக்கொள்ளலாம் என்றார். அவரை அம்மா பார்த்த பார்வையில் மனுஷன் எழுந்து வெளியே போய்விட்டார். கடையத்திலிருந்து முதல் பஸ் பிடித்து வந்த பெரியவருக்கு வயிற்று ஸ்கேன். ஜங்ஷனில் இறங்கி பூரி சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறார். நாளைக்கு வெறும் வயிற்றோடு வாருங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். சாப்பிட்டால் பித்தப்பை சுருங்கிவிடும், உள்ளே கல் இருந்தாலும் சரியாகத் தெரியாது, அதனால்தான் ஆறு மணி நேரம் போலச் சாப்பிடாமல் வரச் சொல்வது. பக்கத்தில் ஒரு சின்னப் பெண் எதிர்மாறாகத் தண்ணீர் பாட்டிலைக் காலி செய்துகொண்டிருந்தாள். அடிவயிற்று ஸ்கேனுக்கு மூத்திரப்பை நிறைந்திருந்தால்தான் கருப்பை தெளிவாகத் தெரியும். இரண்டும் ஒரே அல்ட்ராசவுண்ட் மெஷின்தான். "இத அவங்க முந்தியே சொல்லப்படாதா?" என்று பெரியவர் என்னிடம் கேட்டார், நான்தான் சென்டர் முதலாளி மாதிரி. அவருக்குத் திரும்பிப் போகும் பஸ் கவலை.

சித்தப்பாவும் வந்திருந்தார். அவருக்கு வேறு பயம். "ஏல, கூடங்குளத்துல இருந்து வாரத விட இந்த ஸ்கேன்ல ரேடியேஷன் கூடவாம்லா?" எம்ஆர்ஐயில் அந்த மாதிரிக் கதிர்வீச்சே கிடையாது, காந்தமும் ரேடியோ அலையும்தான் என்றேன். அல்ட்ராசவுண்டில் வெறும் ஒலி. எக்ஸ்ரேயிலும் சிடியிலும்தான் கதிர்வீச்சு, அதுவும் இரண்டும் ஒன்றில்லை. கதிர்வீச்சை அளக்கும் அலகான மில்லிசீவர்ட்டில் சொன்னால், ஒரு மார்பு எக்ஸ்ரே 0.1ஐத் தாண்டாது. வயிற்று சிடி சுமார் 8 முதல் 10 வரை போகும். சும்மா இருக்கிற மனிதனுக்கே மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் வருஷத்துக்கு உலகச் சராசரியாக 2.4 கிடைக்கிறது. இயற்கையாகவே கதிர்வீச்சு தரும் மோனசைட் மணல் கிடக்கும் மணவாளக்குறிச்சிக் கடற்கரைப் பக்கம் அது இன்னும் கூடுதல். கூடங்குளம் உலையைக் கண்காணிக்கும் அதே அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம்தான் எக்ஸ்ரே, சிடி அறைகளுக்கும் உரிமம் தருகிறது, நீங்கள் போகிற இடத்தில் உரிமம் இருக்கிறதா என்று கேட்கலாம் என்றும் சொன்னேன். சித்தப்பா தலையாட்டினார். "அப்ப தலைவலிக்கு வருஷா வருஷம் சிடி எடுக்காதவன்தான் பொழைப்பான்" என்றார். அவர் வருஷா வருஷம் எடுக்கிறவர். அவசியமான சிடியைப் பயந்து தள்ளக் கூடாது, அவசியம் என்ன என்று டாக்டரைக் கேட்டுவிட்டு எடுங்கள் என்று அவரிடம் சொல்ல இன்னும் கொஞ்ச நேரம் ஆனது.

ஆசாரி வந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஊசி மாதிரி ஒரு குறட்டால் திருகின் பின்பக்கத்தைப் பிடித்து, அம்மாவிடம் பேரன் பேத்தி பற்றி விசாரித்துக்கொண்டே எடுத்துவிட்டார். துளை தூர்ந்துவிடாமல் இருக்க ஒரு வேப்பங்குச்சியை ஒடித்துச் சொருகினார். ஐம்பது ரூபாய் கேட்டார். நான் மனதுக்குள் பவுண்டில் கணக்குப் போட்டு வெட்கப்பட்டு நூறு கொடுத்தேன். அப்பா வெளியே கூப்பிட்டு, "இப்படிக் கொடுத்துத்தான் நீங்க எல்லாரும் ஊரக் கெடுக்கிய" என்றார்.

ஸ்கேன் அரை மணி நேரம் போல ஓடியது. காதுக்குப் பஞ்சுதான் வைத்தார்கள். நாட்டிங்காமில் அடைப்பானும் ஹெட்போனும் சேர்த்துத் தருவார்கள். கையில் அழுத்த ஒரு பஸ்ஸர் பந்து கொடுத்தார்களா என்றதற்கு, கொடுத்தார்கள், எதற்கென்று சொல்லவில்லை என்றார் அம்மா. மூச்சு முட்டினாலோ பயந்து வந்தாலோ அதை அமுக்கினால் நிறுத்திவிடுவார்கள். "அரிசி மில்லுக்குள்ள படுத்திருந்த மாதிரி இருந்தது" என்றார் வெளியே வந்து. படம் இன்னும் தெளிவாகத் தெரிய ஏற்றும் டை ஊசி எங்களுக்குத் தேவைப்படவில்லை. போடச் சொன்னால் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை பார்த்தாயிற்றா, முன்பு எப்போதாவது ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கிறதா என்று இரு பக்கமும் பேசிவிடுவது நல்லது. சிடிக்கு டை போடுவதாக இருந்தால் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்கள் அதையும் சொல்ல வேண்டும். சிறுநீரகம் பலவீனமாக இருந்தால் அந்த மாத்திரையைச் சில நாள் நிறுத்தச் சொல்வார்கள்.

மதியமே ரிப்போர்ட் வந்துவிட்டது. இந்த வேகத்தை நாட்டிங்காமில் கனவில்கூடப் பார்க்க முடியாது, ஒத்துக்கொள்கிறேன். ரிப்போர்ட்டில் எல்-4, எல்-5 என்கிற இடுப்பு முதுகெலும்புகளின் இடையில் டிஸ்க் பிதுக்கம், தேய்மானம், அங்கங்கே எலும்பு முளை. வீட்டுக்கு வருவதற்குள் தெரு முழுக்க "தண்டுவடம் தேஞ்சு போச்சாம்" என்று பரவிவிட்டது. அத்தை போனில் அழுதார். வலியே இல்லாத ஆட்களை ஸ்கேன் செய்து பார்த்த பல ஆய்வுகளைத் தொகுத்து 2015இல் ஒரு கட்டுரை வந்தது. இருபது வயதுக்காரர்களில் 37 சதவீதம் பேருக்கும் எண்பது வயதுக்காரர்களில் 96 சதவீதம் பேருக்கும் டிஸ்க் தேய்மானம் இருந்தது. நரைமுடி வருவது போலத்தான் என்று அத்தையிடம் சொன்னேன். "நீ டாக்டரா?" என்றார்.

டாக்டர் ஃபிலிமை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு, ஆபரேஷன் தேவையில்லை, மாத்திரை, பிசியோதெரபி, ஆறு வாரம் என்றார். என் ஜிபி சொன்ன அதே ஆறு வாரம். கால் மரத்துப் போனாலோ பலம் குறைந்தாலோ, மூத்திரம் மலம் அடக்க முடியாமல் போனாலோ, உட்காருகிற இடம் உணர்வில்லாமல் போனாலோ ஒரு நிமிஷம் காத்திருக்காமல் வர வேண்டும் என்று நான் கேட்ட பிறகு சொன்னார். கேட்காவிட்டால் சொல்லியிருப்பாரா என்பது என் சந்தேகம். வெளியில் இன்னும் நாற்பது டோக்கன் இருந்தது, அவரையும் முழுக்கக் குறை சொல்ல முடியவில்லை.

ஃபிலிமோடு படம் பதிந்த குறுந்தட்டும் கேட்டு வாங்கி, பழைய எக்ஸ்ரேக்கள் இருக்கும் ஜவுளிக்கடைப் பையில் தேதி எழுதி வைத்துவிட்டு வந்தேன். அடுத்த முறை ஒப்பிட்டுப் பார்க்க அதுதான் வேண்டும். அம்மாவுக்கு இப்போது வலி கொஞ்சம் பரவாயில்லையாம். மூக்குத்தியைத் திரும்பப் போட்டாயிற்று, திருகு லேசாகத்தான். "மூக்குத்தி இப்ப லேசா கழலுதுலா, அப்படியே முட்டிக்கும் ஒரு எம்ஆர்ஐ எடுத்துட்டா என்ன?" என்று நேற்று போனில் கேட்டார். இந்த வயதில் முட்டி வலிக்கு நின்றபடி எடுக்கும் சாதாரண எக்ஸ்ரே பெரும்பாலும் போதும் என்று எவ்வளவோ சொன்னேன். அண்ணன் ஏற்கெனவே டோக்கன் போட்டுவிட்டானாம்.