அபிஷேகப்பட்டியா, பாளையமா, கணினித் திரையா? குமரி மாவட்ட வரலாற்று ஆய்வாளர் எந்த நூலகத்தை நம்பலாம்

நாகர்கோவிலில் குடியிருந்து, கல்லூரி வேலையையும் பார்த்துக்கொண்டு, தென் திருவிதாங்கூர் வரலாற்றில் பகுதிநேர முனைவர் பட்ட ஆய்வு செய்பவருக்கு நூலகம் என்ற வகையில் மூன்று வழிகள் உள்ளன. முதலாவது, பதிவு செய்துள்ள மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் நூலகம். இது திருநெல்வேலிக்கு மேற்கே அபிஷேகப்பட்டியில் இருக்கிறது. இரண்டாவது, திருவனந்தபுரம் பாளையத்தில் உள்ள கேரளப் பல்கலைக்கழக நூலகம். மூன்றாவது, எங்கும் போகாமல் வீட்டுக் கணினியிலேயே திறந்து பார்க்கக்கூடிய இணையக் களஞ்சியங்கள். என்னுடைய ஆய்வு, பேச்சிப்பாறை அணையை மையமாகக் கொண்ட கோதையாறு பாசனத் திட்டத்தின் தொடக்க காலத்தைப் பற்றியது. ஓய்வாகக் கிடைக்கும் சனிக்கிழமைகளை எங்கே செலவிடுவது என்ற கேள்விக்கு நான் பாளையம் என்று முடிவு செய்தேன். அந்த முடிவின் சாய்வு இக்கட்டுரை முழுவதும் தெரியும். மற்ற இரண்டுக்கும் உரிய நியாயத்தைச் சொல்லிவிட முயன்றிருக்கிறேன்.

தொலைவு ஒரு பொருட்டே அல்ல. நாகர்கோவிலில் இருந்து திருநெல்வேலிக்கும் திருவனந்தபுரத்துக்கும் ஏறத்தாழ ஒரே அளவு பயணந்தான். திருநெல்வேலியில் இறங்கிய பிறகு அபிஷேகப்பட்டிக்கு இன்னொரு பேருந்து ஏற வேண்டும். திருவனந்தபுரம் சென்ட்ரலில் இருந்து பாளையம் பக்கம். மார்த்தாண்டம், களியக்காவிளைப் பகுதியினருக்குக் குழித்துறையில் ரயில் ஏறினால் பாளையம் இன்னும் எளிது. ஆரல்வாய்மொழிக்காரருக்குக் கணக்கு நேர்மாறாக அமையும்.

சொந்தப் பல்கலைக்கழக நூலகத்தின் சிறப்புகளை அதிகம் விளக்க வேண்டியதில்லை. பதிவு செய்த ஆய்வாளருக்கு அங்கே எல்லாம் உரிமையாகக் கிடைக்கும். புத்தகத்தை இரவல் பெற்று வீட்டுக்குக் கொண்டுவரலாம். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன், பிறர் எழுத்தோடு அது எவ்வளவு ஒத்திருக்கிறது என்று பார்க்கும் ஒப்புமைச் சோதனையும் சொந்தப் பல்கலைக்கழகத்தின் வழியாகவே நடந்தாக வேண்டும். 2018-ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழு விதிப்படி பத்து விழுக்காடு வரையிலான ஒப்புமைக்குத் தண்டனை கிடையாது, அதற்கு மேல் போனால் படிப்படியாக நடவடிக்கை உண்டு. முடிவில் வாங்க வேண்டிய நிலுவை இல்லாச் சான்றும் அங்கிருந்துதான் வரும். இவற்றுக்காக எப்படியும் அபிஷேகப்பட்டிக்குப் போய்த்தான் ஆக வேண்டும் என்பதால், கேள்வி அங்கே போவதா வேண்டாமா என்பதன்று. படிப்பதற்காகவும் அங்கேயே போவதா என்பதுதான்.

இந்த இடத்தில் பல்கலைக்கழகங்களின் வயது குறுக்கே வருகிறது. மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் 1990-இல் தொடங்கப்பட்டது. அதற்கு முன் நம் மாவட்டக் கல்லூரிகள் மதுரைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்தன. இன்னும் பின்னே போனால், 1956 நவம்பர் 1-ஆம் நாள் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் தமிழ்நாட்டோடு இணையும் வரை, இந்த நிலப்பகுதிக்குத் தலைநகரம் திருவனந்தபுரம், பல்கலைக்கழகம் 1937-இல் நிறுவப்பட்ட திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகம். அதன் நூலகமாக 1942-இல் தொடங்கியதுதான் இன்றைய பாளையம் நூலகம். 1990-இல் பிறந்த நூலகம், 1906-இல் அச்சான அரசு அறிக்கையை அது வெளியான காலத்திலேயே வாங்கி வைத்திருக்க வழியில்லை; அது யாருடைய குறையும் ஆகாது. மாவட்டத்தைப் பற்றி 1990-க்குப் பிறகு எழுதப்பட்ட ஆய்வேடுகளைப் பார்க்க வேண்டும் என்றால், அவற்றுக்கு அபிஷேகப்பட்டிதான் சரியான இடம். நமக்கு முன் யார் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று தெரியாமல் எந்த ஆய்வும் நகராது என்பதால் இது சிறிய நன்மையன்று.

கணினித் திரையின் பலத்தையும் குறைத்து மதிப்பிட முடியாது. காந்திநகரில் உள்ள இன்ஃபிலிப்நெட் மையம் நடத்தும் சோத்கங்கா என்ற இணையக் களஞ்சியத்தில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட முனைவர் பட்ட ஆய்வேடுகள் இலவசமாகக் கிடைக்கின்றன. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் பழைய தமிழ் நூல்களைத் தந்துவிடுகிறது. 2025 ஜனவரியில் தொடங்கிய ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தின் கீழ், முப்பது பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்களை அரசு நிர்வாகத்தில் உள்ள உயர்கல்வி நிறுவனங்கள் பெறுகின்றன. நாகமய்யா 1906-இல் தொகுத்த திருவிதாங்கூர் அரசு விவரநூலின் தொகுதிகளைக்கூட நள்ளிரவில் படுக்கையில் இருந்தே புரட்டலாம். இதற்காக எவரும் ரயில் ஏற வேண்டியதில்லை.

ஆனால் எல்லோருக்கும் தெரிந்த நூல்களே திரையில் முதலில் ஏறுகின்றன. ஆண்டு நிர்வாக அறிக்கைகள், 1904-இல் தொடங்கிய திருவிதாங்கூர் மக்கள் பிரதிநிதிகள் அவையான ஸ்ரீமூலம் பிரஜா சபையின் நடவடிக்கைக் குறிப்புகள், பொதுப்பணி சார்ந்த துறை அறிக்கைகள், அரசிதழ்கள் போன்றவற்றில் சில ஆண்டுகள் இருக்கும், சில இருக்காது. இருப்பவற்றிலும் பக்கங்கள் வெறும் படங்களாக இருந்தால் உள்ளே சொல் தேட முடியாது. நிலவரைபடம் மடித்து ஒட்டப்பட்ட பக்கத்தை, மடிப்பைப் பிரிக்காமலே படமெடுத்து வைத்திருப்பதையும் பார்த்திருக்கிறேன். பாசன ஆய்வுக்கு வரும் ஒருவனுக்கு அந்த ஒரு பக்கந்தான் வேண்டும்.

இவை எல்லாம் இருக்க, என்னைப் பாளையத்தின் பக்கம் சாய்த்தது புத்தகங்களின் எண்ணிக்கையோ கட்டடத்தின் அமைதியோ அன்று. குறிப்புதவிப் பகுதியில் உட்கார்ந்திருக்கும் பணியாளர்கள்தாம். நூலக ஒப்பீடு என்றால் இருக்கைகள், இணைய வேகம், வேலை நேரம் ஆகியவற்றையே பலரும் முதலில் கேட்கிறார்கள். அவை தேர்வுக்குப் படிக்கும் மாணவருக்குப் பயன்படும் அளவுகோல்கள். ஓர் ஆய்வாளருக்கு, தான் தேடும் பொருள் எந்தப் பெயரில், எந்தத் தலைப்பின் கீழ், எந்த ஆண்டுக் கணக்கில் ஒளிந்திருக்கிறது என்று சொல்லக்கூடிய ஒருவர் அங்கே இருக்கிறாரா என்பதே மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம். குமரி மாவட்டத்தைப் பற்றிய ஆய்வில் இது இருமடங்கு உண்மை. அதற்கான காரணங்களைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

கன்னியாகுமரி மாவட்டம் என்ற நிர்வாக அலகு 1956-க்கு முன் இல்லை. ஆகவே நூலகத்தின் கணினிப் பட்டியலில் அந்தப் பெயரைத் தட்டினால் கோயில் வரலாறுகளும், விவேகானந்தர் பாறை பற்றிய நூல்களும், இணைப்புப் போராட்டத்துக்குப் பிந்தைய எழுத்துகளுமே வரும். அதற்கு முந்தியவை ‘திருவிதாங்கூர்’ என்றோ, ‘பத்மநாபபுரம் டிவிஷன்’ என்றோ பதிவாகியிருக்கும். நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டூயி பகுப்பு முறையைப் பின்பற்றும் நூலகங்களில் தமிழ்நாட்டு வரலாறு 954.82 என்ற எண்ணிலும் கேரள வரலாறு 954.83 என்ற எண்ணிலும் அடுக்கப்படுகின்றன. ஒரே ஊரைப் பற்றிய இரண்டு நூல்கள், எழுதப்பட்ட காலத்தைப் பொறுத்து இரண்டு அடுக்குகளில் போய் உட்கார்ந்துகொள்கின்றன. பாசனம், நிலவரி போன்றவை வரலாற்று அடுக்கிலேயே இருக்க மாட்டா. அவற்றுக்குப் பொறியியலிலும் பொருளியலிலும் தனித்தனி இடங்கள்.

ஆண்டுக் கணக்கு இன்னொரு பொறி. திருவிதாங்கூர் அரசின் அறிக்கைகள் மலையாள நாட்காட்டியான கொல்லம் ஆண்டில் வெளியாயின. ‘1080’ என்று முகப்பில் அச்சாகியிருந்தால் அது 1904 ஆகஸ்டு முதல் 1905 ஆகஸ்டு வரையிலான காலம். கொல்லம் ஆண்டோடு 824 அல்லது 825 கூட்டினால் நம் கணக்கு வரும். பேச்சிப்பாறை அணை கட்டப்பட்ட 1897 முதல் 1906 வரையிலான ஆண்டுகளைத் தேடுபவர் உண்மையில் 1072-இல் தொடங்கி 1082 வரை தேட வேண்டும். கணினிப் பட்டியலில் ஆண்டு வரம்பைக் குறித்துத் தேடுபவருக்கு, பதிவு செய்தவர் எந்த ஆண்டை உள்ளிட்டார் என்பதைப் பொறுத்து அந்த அறிக்கை கண்ணில் படும் அல்லது படாமலே போகும். இயந்திரம் இதைச் சொல்லித் தராது.

நான் கேட்டபோது குறிப்புதவிப் பகுதியில் இருந்தவர் இரண்டே கேள்விகள் கேட்டார்: அணை கட்டியதைப் பற்றியா, தண்ணீர் பங்கிட்டதைப் பற்றியா என்பது ஒன்று, எந்தக் கொல்லம் ஆண்டு என்பது மற்றொன்று. பிறகு, “கோதையாறுன்னு தேடினா ஒண்ணும் வராது சாரே, மராமத்துன்னு போட்டுப் பாருங்க” என்றார். பொதுப்பணிகளுக்குத் திருவிதாங்கூரில் வழங்கிய பெயர் மராமத்து. அந்த ஒரு சொல்லோடு தேடல் திசை மாறியது. ஆற்றின் பெயரே ஆங்கில அறிக்கைகளில் கோடயார் என்றும் கோதயார் என்றும் வெவ்வேறு எழுத்துக்கூட்டலில் வரும் என்பதையும், ஓர் ஆண்டின் அறிக்கை கிடைக்காவிட்டால் அதற்கு அடுத்த ஆண்டின் அறிக்கையிலேயே முந்தைய ஆண்டுக் கணக்கு ஒப்பீட்டுக்காகத் தரப்பட்டிருக்கும் என்பதையும் அவரிடமிருந்துதான் தெரிந்துகொண்டேன். இந்தக் கடைசிச் செய்தி எனக்குப் பல பயணங்களை மிச்சப்படுத்தியது.

இப்படிப்பட்ட அறிவு நூலக அறிவியல் பட்டத்தால் மட்டும் வருவதன்று. பழைய தொகுப்பின் நடுவே ஆண்டுக்கணக்கில் புழங்கி, முன்னர் வந்த ஆய்வாளர்கள் கேட்ட கேள்விகளை எல்லாம் மனத்தில் சேர்த்து வைத்திருப்பதால் வருவது. சீர்காழியில் பிறந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்ற எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931-இல் வகுத்த ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. விரல்ரேகைக் கருவியாலோ தானியங்கி இரவல் இயந்திரத்தாலோ அந்த விதி நிறைவேறிவிடுவதாக நூலகங்கள் நினைப்பது போல எனக்குச் சில நேரம் தோன்றுகிறது. புத்தகம் கையில் கிடைத்த பிறகுதான் அந்த இயந்திரத்துக்கு வேலை வருகிறது.

இந்த நன்மைக்கு ஒரு பெரிய பலவீனமும் உண்டு, அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. அது ஆளைச் சார்ந்தது. ஓய்வு பெறுபவர் இடத்தில் புதியவர் வந்து பழகுவதற்குள் அந்த அறிவு கையோடு போய்விடும். இடமே நிரப்பப்படாமலும் போகலாம். நான் போன வேறொரு பெரிய நூலகத்தில், பெயர் வேண்டாம், தொகுப்பு நன்றாகவே இருந்தது. ஆனால் குறிப்புதவி மேசையில் இருந்த ஒப்பந்தப் பணியாளர் பட்டியலில் இல்லை என்றால் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார். அவரைப் பயிற்றுவிக்க யாரும் இருந்திருக்கவில்லை என்பதே என் எண்ணம். ஆகவே பாளையத்தைப் பற்றி நான் சொல்வது நான் போன நாட்களுக்கும் நான் கண்ட பகுதிக்கும் மட்டுமே பொருந்தும்.

பாளையத்தின் மற்றக் குறைகள் வெளிப்படை. வெளி ஆய்வாளருக்கு அங்கே கிடைப்பது அனுமதி, உரிமையன்று. நெறியாளரின் கடிதமும் அடையாள அட்டையும் கையில் இருக்க வேண்டும். இரவல் கேட்க முடியாது, அங்கேயே உட்கார்ந்து படித்துக் குறிப்பெடுக்க வேண்டும். பழைய தாள் நொறுங்கும் நிலையில் இருக்கும் தொகுதிகளை ஜெராக்ஸ் எடுக்கத் தர மாட்டார்கள். அது சரியான கட்டுப்பாடுதான். மொழி இன்னொரு தடை. அறிக்கைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருந்தாலும் அரசிதழிலும் மனுக்களிலும் மலையாளம் வரும், அதுவும் 1971 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய பழைய கூட்டெழுத்துகளில். விளவங்கோட்டுக்காரருக்குக் கேட்டுப் புரிந்துகொள்வதில் சிரமம் இராது. வாசிப்பது வேறு பயிற்சி. மூலக் கோப்புகளே வேண்டும் என்ற கட்டம் வந்தால் எந்தப் பல்கலைக்கழக நூலகமும் போதாது, அதே நகரத்தில் இருக்கும் கேரள அரசு ஆவணக் காப்பகத்துக்குப் போக வேண்டும். ஒரே ரயில் பயணத்தில் இரண்டையும் இணைத்துக்கொள்ளலாம் என்பது பாளையத்துக்கு இன்னொரு சாதகம்.

அறிவியல் துறையினருக்கு இந்த அலசல் எவ்வளவு பயன்படும் என்பதை என் அனுபவத்தை வைத்துச் சொல்ல இயலாது. அவர்களுக்கு அண்மை ஆய்விதழ்களே முதன்மை என்பதால், சொந்தப் பல்கலைக்கழகத்தின் உள்நுழைவுக் கணக்கும் வீட்டு இணையமுமே பெரும்பாலும் போதும் என்று உடன் பணியாற்றும் இயற்பியல் ஆசிரியர்கள் சொல்கிறார்கள். தற்காலத் தமிழ் இலக்கியம், 1956-க்குப் பிந்தைய அரசியல், உள்ளாட்சி போன்ற பொருள்களில் ஆய்வு செய்பவருக்கும் அபிஷேகப்பட்டியை விட்டு மேற்கே போக வலுவான காரணம் இல்லை. 1956-க்கு முந்திய எதையேனும் தொடுகிறவர் மட்டும் பாளையத்துக்கு ஒரு நாளை ஒதுக்கட்டும். புறப்படும் முன் வெளியாருக்கான விதிகளையும் அன்று நூலகம் திறந்திருக்குமா என்பதையும் தொலைபேசியில் கேட்டுக்கொள்ளட்டும், ஏனெனில் கேரளத்தின் விடுமுறைப் பட்டியல் நம்முடையதைப் போன்றதன்று. ஓண வாரத்தில் போனால் வாசல் பூட்டியிருக்கக்கூடும். தேட வேண்டிய ஆண்டுகளைக் கொல்லம் கணக்குக்கு மாற்றி ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனால், கணினிப் பட்டியல் முன் உட்காருவதற்கு முன்பே குறிப்புதவி மேசையில் அதைக் காட்டிவிடலாம்.