198 ஓட்டங்கள்: பேஸ்பால் ரெஃபரன்ஸில் 1894-ஐப் படித்த அனுபவம்

பேஸ்பால் ரெஃபரன்ஸ் என்ற புள்ளிவிவரத் தளத்தைப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். நேரலை ஸ்கோருக்காக அல்ல, பழைய சீசன்களைத் துருவுவதற்காக. அதிலும் நான் திரும்பத் திரும்பப் போவது, அமெரிக்காவின் பெரிய பேஸ்பால் லீக்கான நேஷனல் லீக்கின் 1894 பக்கத்துக்கு.

அந்த ஆண்டு ஓட்டப் பட்டியலில் முதலிடம் பிலடெல்பியாவின் பில்லி ஹாமில்டனுக்கு: 198. அடுத்து பால்டிமோரின் ஜோ கெல்லியும் வில்லி கீலரும், ஆளுக்கு 165. அடி சராசரி .440 (ஆயிரம் வாய்ப்புக்கு 440 வெற்றிகரமான அடி என்ற கணக்கு) வைத்திருந்த பாஸ்டனின் ஹியூ டஃபிகூட இவர்களுக்குப் பின்னால்தான். ஹாமில்டனின் 198-ஐ இன்றுவரை யாரும் தாண்டவில்லை.

கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்கள் இந்தப் பட்டியலை அப்படியே படித்தால் தடுமாறுவார்கள். பேஸ்பாலில் ஓட்டம் என்பது பந்தை அடித்தவர் கணக்கில் ஏறுவதில்லை. பேஸ் எனப்படும் மூன்று நிறுத்தங்களையும் சுற்றி வந்து, அடிக்கும் இடத்திலுள்ள ஹோம் பிளேட்டை மிதித்தவர் கணக்கில்தான் ஏறும். அடித்தவரே ஒரே அடியில் முழுச் சுற்றும் வந்துவிடும் ஹோம் ரன், ஹாமில்டனுக்கு அந்த ஆண்டு வெறும் 4. மிச்ச நேரமெல்லாம் அவர் பேஸில் நிற்க, பின்னால் வந்தவர்கள் அடித்து உள்ளே கொண்டுவந்தார்கள். அணிப் பக்கத்தைத் திறந்தால் காரணம் தெரிந்துவிடும்: எட் டெலஹான்டி, சாம் தாம்சன், டக் டர்னர் என்று மூன்று பேர், மூவருமே .400-க்கு மேல். இந்தத் தளத்தில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். ஒரு எண்ணைப் பார்த்த கையோடு, அது எங்கிருந்து வந்தது என்பதையும் இரண்டு தட்டலில் பார்த்துவிடலாம்.

சீசனின் சூழலையும் லீக் பக்கமே காட்டிக்கொடுக்கும். 1893-ல்தான் பந்து வீசும் தூரத்தை 60 அடி 6 அங்குலமாக நீட்டினார்கள். பந்து வீசும் பிட்சர்கள் அதற்குப் பழகுவதற்குள் பேட்டர்கள் புகுந்து விளையாடிவிட்டார்கள். பாஸ்டன் அணி மட்டும் 1894-ல் 1,220 ஓட்டங்கள் எடுத்தது. எனவே வரிசையைப் பார்ப்பதற்கு முன் லீக் சராசரியைப் பார்ப்பது என் வழக்கம்.

புதிதாக வருபவர்களுக்கு இரண்டு விஷயம். பில்லி ஹாமில்டன் என்று தேடினால் இருவர் வருவார்கள். 2013-ல் சின்சினாட்டிக்கு ஆட வந்தவரும் பேஸ் திருடுவதில் (யாரும் அடிக்காமலே அடுத்த பேஸுக்கு ஓடிவிடுவதில்) பேர் போனவர்தான், ஆண்டைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். அப்புறம், பழைய புள்ளிவிவரப் புத்தகங்களில் அதே 1894-க்கு 192 என்றோ 196 என்றோ இருக்கும். அந்தக் காலத்து ஸ்கோர் பதிவுகளைப் பிற்பாடு ஆய்வாளர்கள் மறுபடி கூட்டிப் பார்த்ததால் வந்த வித்தியாசம் அது. அதனால் 19-ஆம் நூற்றாண்டு எண் எதையும் மேற்கோள் காட்டும்போது எங்கிருந்து எடுத்தது என்று சேர்த்தே எழுதுகிறேன்.

1894 பழகியதும் இன்னொரு பெரிய லீக்கான அமெரிக்கன் லீக்கின் 1921 பக்கத்துக்குப் போய்ப் பாருங்கள். பேப் ரூத் 177. 1900-க்குப் பிறகு அதுவே உச்சம். அதில் 59 அவரே அடித்த ஹோம் ரன். மீதி 118-ம் மற்றவர்கள் தயவு. ஹாமில்டனுக்கு அந்த மீதி 194. ஒரே ஓட்டக் கட்டத்துக்குள் இரண்டு விதமான ஆட்டக்காரர்கள். இருவரில் யார் பெரியவர் என்று கேட்டால், அவருடைய அணியை ஒதுக்கிவிட்டு ஹாமில்டனின் 198-ஐப் பேசக் கூடாது என்பேன்.

பணம் கட்டித் தேடும் ஸ்டாட்ஹெட் சேவையும் இதனோடு உண்டு. சீசன் வாரியாக முதல் பத்துப் பேரைப் படிக்க அது தேவையில்லை, இலவசப் பக்கங்களே தாராளம்.