ரொக்கமா, பங்கா? 1872-இல் கிளீவ்லாந்தில்

1870-இல் 10 லட்சம் டாலர் மூலதனத்தில் பிறந்த அமெரிக்க எண்ணெய் நிறுவனமான ஸ்டாண்டர்ட் ஆயில், 1872-இன் தொடக்கத்தில் கிளீவ்லாந்து நகரின் 26 போட்டி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளில் 22-ஐ வாங்கிவிட்டது. விற்றவர்களுக்கு இரண்டு வழிகள்: ரொக்கம் அல்லது ஸ்டாண்டர்ட் பங்கு.

கையில் வருவது: ரொக்கம் அன்றே கடனை அடைக்கும். பங்கு, 100 டாலர் முகமதிப்புள்ள காகிதம்.

ஆபத்து: ரொக்கத்துக்கு இல்லை. பங்குக்கு உண்டு; பென்சில்வேனியாவின் எண்ணெய்க் கிணறுகள் வற்றிவிடுமோ என்று பலரும் நடுங்கிய காலம் அது.

ஆயுள்: ரொக்கம் செலவோடு தீர்ந்தது. பங்கோ, 1911-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் நிறுவனம் 34 துண்டுகளாக உடைந்த பிறகும் மதிப்பில் பெருகியது.

பங்கையே எடுங்கள் என்றார் ஸ்டாண்டர்டின் தலைவர் ராக்ஃபெல்லர். பொறுக்க முடிந்தவருக்கு அது சரியான யோசனை. கடன் கழுத்தை நெரித்தவருக்கு ரொக்கம்தான் பொருந்தியது. ஆனால் ரயில் நிறுவனங்களோடு செய்த ரகசியச் சரக்குக் கட்டண ஒப்பந்தத்தைக் காட்டி மிரட்டி வாங்கியதை என்னால் மன்னிக்க முடியவில்லை.